மூப்பும் துண்டறிக்கையும்

பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் மாலை வேளையில் நடந்து செல்வோர் வெறுங்கையுடன் தொடர்வண்டி நிலையத்தை அடைதல் அரிது. தனிப்பயிற்சி வகுப்பு, வீட்டுச் சாப்பாடு, வட்டிக் கடன், நகைக்கடைக் கழிவு, கோயில் திருவிழா எனப் பலவகைத் தாள்கள் கையில் திணிக்கப்படும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இதே காட்சிதான். இத்தாள்களுள் இளமை காக்கும் லேகியத்திற்கும் மூலிகைக் குளிகைக்கும் உரியவை என்றும் இடம் பெறுபவை. அவற்றை எவரும் இலக்கியமாகக் கருதார். படித்த கையோடு எறிந்துவிடுவர். ஆயினும் முதுமையைப் பற்றி எளிய தமிழ்மக்கள் ஓராண்டில் படிக்கும் உரைநடையில் கணிசமான பகுதி இதுவாக இருத்தல் கூடுமாதலின், அதன் மொழியைச் சற்றே நின்று நோக்குதல் வீண்வேலையன்று.

அத்தாள்களுக்கிடையே வேறொரு வகைத் தாளுக்கு இன்று தேவை உண்டாகியிருக்கிறது. அது மருந்து விற்பதன்று. மூப்பை ஆராயும் அறிஞர், மக்களை நோக்கி விடுக்கும் அழைப்பு. செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழகத்தில் 2002ஆம் ஆண்டு முதியோரியல் கழகம் தோன்றியது; இப்போது அது மலேசிய முதுமை ஆய்வு நிலையமாக விளங்குகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தார் 2013ஆம் ஆண்டில் தொடங்கிய நீள்கால ஆய்வில், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் 55 வயதுக்கு மேற்பட்ட மூவினத்தாரும் 1,500 பேருக்குமேல் சேர்க்கப்பட்டனர். தேசியப் பல்கலைக்கழகத்தாரின் தலைமையில் நடந்த மற்றோர் ஆய்வு, 60 வயதை எட்டியோரும் கடந்தோருமாகிய 2,300 பேருக்கு மேற்பட்டோரைக் கண்டது. அவ்வாய்வின் ஆங்கிலப் பெயரில் உள்ள முதலெழுத்துகளைக் கூட்டினால் ‘துவா’ என வரும். மலாய் மொழியில் அச்சொல்லுக்கு முதுமையுற்ற என்பது பொருள். பெயரிடும்போதே மக்களின் மொழியை எண்ணிப் பார்த்த நயம் அங்கே உண்டு. தமிழில் வரும் அழைப்புகளுக்கு அந்த நயம் வாய்க்குமா என்பதே கேள்வி.

இக்கேள்வி சிறியதன்று. 2019ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கணக்கெடுப்பின்படி மலேசியாவில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையவர். இந்தியருள் மட்டும் கணக்கிட்டால் அது 31.4 விழுக்காடு. நீரிழிவு நெடுநாள் நின்ற உடலில் கண்ணும் சிறுநீரகமும் குருதிக்குழாயும் ஆண்டுக் கணக்கை முந்திக்கொண்டு மூக்கின்றன. ஆகவே மூப்பைப் பற்றிய ஆராய்ச்சி எவருக்கேனும் முதலில் வேண்டுமாயின் அது இம்மக்களுக்கே வேண்டும். ஆனால் எந்த ஆய்வும் தான் கண்டவரைப் பற்றி மட்டுமே பேச வல்லது. ஆங்கிலம் கற்ற, சொந்த வண்டியில் வரத்தக்க ஓய்வூதியர் மட்டும் வந்து அமர்ந்து, தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் காலங்கழித்துத் தோட்டம் வீடமைப்புத் திட்டமாக மாறிய பின் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த மூதாட்டி வாராது நின்றுவிட்டால், அவருடைய முழங்காலும் நினைவாற்றலும் கணக்கில் ஏறமாட்டா. பின்னாளில் வகுக்கப்படும் மருந்தளவும் பயிற்சியும் அவர் போன்றோர்க்குப் பொருந்துமா என எவராலும் சொல்லவும் இயலாது. அவரை வாயிலுக்கு அழைத்துவரும் பொறுப்பில் ஒரு பங்கு, அரைப்பக்கத் தமிழின் தலையில் விழுகிறது.

அந்த அரைப்பக்கத் தமிழ் பெரும்பாலும் எப்படிப் பிறக்கிறது? ஆங்கிலத்திலோ மலாயிலோ தாள் முழுதும் ஆயத்தமான பின்பு, அச்சகத்திற்குப் போகும் நாளில், அருகிலுள்ள தமிழாசிரியர் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுக்கப்படுகிறது. ஆசிரியர்க்குச் சிந்திக்க நேரமில்லை. சொல்லுக்குச் சொல் வைத்துத் தந்துவிடுகிறார். அவ்வாறு வந்து வழங்குபவையே ‘மூப்பு எதிர்ப்பு ஆராய்ச்சி’, ‘முதுமையை ஒழிப்போம்’, ‘முதுமைக்கு எதிரான போர்’ முதலிய தொடர்கள்.

இவற்றில் இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. பிழை வேறிடத்தில் உள்ளது. தமிழில் மூப்பு என்பது உடலின் நிலையை மட்டும் குறிக்கும் சொல்லன்று. மூத்தோர், மூப்பர், மூதாதை, மூதூர், மூதுரை, மூதறிவு, முதுகுடி, முதுமொழி என அச்சொல்லின் சுற்றம் முழுவதும் மதிப்போடு வாழ்கிறது. ஊர்த்தலைமை பூண்டவனுக்கு மூப்பன் என்று பெயரிட்ட மொழி இது. ஊழல் எதிர்ப்பு, கொள்ளைநோய் எதிர்ப்பு என்னும் தொடர்களின் வரிசையில் மூப்பு எதிர்ப்பு என்பதையும் நிறுத்தி, அத்தாளை ஒரு வீட்டின் மூத்தவர் கையிலேயே கொடுப்பது, ‘ஐயா, உம்மை எதிர்த்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, வந்து துணை செய்வீராக’ என்று அழைப்பதை ஒக்கும். சொற்கள் இவ்வாறு தம் மதிப்பை இழப்பதற்கு முன்னுதாரணம் இல்லாமலும் இல்லை. தொல்காப்பியத்தில் வரும் கிழவன் நரைத்தவன் அல்லன். உரிமை பூண்ட தலைவன். கிழத்தியும் அவ்வாறே. இன்றோ ‘கிழம்’ என்பது தெருச்சண்டையின் வசை. மூப்பு என்னும் சொல் இன்னும் அப்படுகுழியில் விழவில்லை. துண்டறிக்கை எழுதுவோர் அதனைத் தள்ளிவிடாதிருத்தல் வேண்டும்.

மலாய் மொழியினர் முதியோரைப் பொற்குடியினர் என்னும் பொருள்பட அழைப்பர். அது அம்மொழிக்கு அழகாகவே இருக்கிறது. அதனை அப்படியே பெயர்த்துத் தமிழில் ‘தங்கக் குடிமக்கள்’ என எழுதினால் நகைக்கடை விளம்பரம் போலத் தோன்றும். மூத்தோர் என்று ஒரு சொல் கையிருக்க, இரவல் தங்கம் எதற்கு?

அப்படியாயின் ஆராய்ச்சியாளர் எதிர்ப்பது எதனை? விடை அவர்களுடைய அளவைகளிலேயே உள்ளது. 2001ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவ அறிஞர் லிண்டா ஃபிரீடும் அவருடைய குழுவினரும் ஐந்து குறிகளை வகுத்தனர்: தானே குறையும் எடை, நீங்காத சோர்வு, வலுவிழந்த கைப்பிடி, மெதுவாகிய நடை, குறைந்த உழைப்பு. இவற்றுள் மூன்று கூடினால் அவ்வுடல் தளர்ந்தது என்பர். தளர்ச்சி என்பதே ஈண்டுப் பொருத்தமான சொல். எழுபதில் தளராதவரும் உண்டு. ஐம்பத்தைந்தில் தளர்ந்தவரும் உண்டு. ‘தளர்ச்சியைத் தள்ளிப்போட முடியுமா?’ என்று கேட்கும் தாள் எந்த முதியவரையும் புண்படுத்தாது. அவரும் அதே கேள்வியைத்தான் ஒவ்வொரு காலையும் கட்டிலிலிருந்து எழும்போது கேட்டுக்கொள்கிறார்.

இனி, விற்பவரின் தமிழுக்கு வருதல் வேண்டும். அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏனெனில் அது மொழிபெயர்ப்புத் தமிழினும் உயிருள்ளது. ‘நரை, திரை, மூப்பு’ என்னும் மூன்று சொற்களையும் அது சித்தர் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டது. காயகற்பம் என்னும் ஒரு சொல்லைத் தலைப்பில் இட்டவுடனே திருமூலரும் போகரும் படிப்பவரின் நெஞ்சில் வந்து நின்றுவிடுகின்றனர். ஆயின் அந்நூல்கள் கற்பம் உண்பார்க்கு விதிக்கும் உணவுக் கட்டுப்பாடும் ஒழுக்கமும் தாளில் இடம் பெறா. விலை மட்டும் இடம் பெறும். முனிவர் பல்லாண்டுத் தவத்திற்குப் பின் கிடைப்பதாகச் சொன்னது, தாளில் நாற்பத்தெட்டு நாளில் கிடைப்பதாகிவிடுகிறது.

சட்டம் இதனைக் காணாமலில்லை. 1956ஆம் ஆண்டின் மருந்துகள் (விளம்பரமும் விற்பனையும்) சட்டம், நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், சிறுநீரக நோய் முதலியன தீரும் எனப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மருந்து விளம்பரங்கள் மலேசிய மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதலையும் பெறல் வேண்டும். ஒப்புதல் எண் தாளில் இருக்கிறதா எனத் தேடிப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே கற்பிக்கலாம். ஆனால் அச்சட்டத்தின் நோய்ப்பட்டியலில் மூப்பு இல்லை. இந்தியாவின் மருந்து விதிகளிலோ, தீர்ப்பதாகச் சொல்லக்கூடாதவற்றுள் முதிராத வயதில் வரும் மூப்பும் பெயர் சுட்டப்பட்டுள்ளது. மூப்பு நோயன்று என்பதே அதனை விற்பவரின் திறந்த வெளியாக்குகிறது.

ஆராய்ச்சியாளரின் தாள் இந்த வெளியில் நுழையும்போதுதான் இடர் பிறக்கிறது. கூட்டம் சேர்ப்பது எவர் மொழியோ அம்மொழியை இரவல் கேட்கும் ஆசை அதற்கும் உண்டாகிறது. ‘இளமையின் இரகசியம் கண்டுபிடிக்கப்பட்டது’ என்று ஒரு வரி. ஊசியிட்ட கை ஒன்றின் படம். சிரிக்கும் வெள்ளையர் இணையர் கடற்கரையில். கைக்கு வந்த அம்முதியவர் அதனை லேகியத் தாளோடு சேர்த்து மடித்து வைத்துக்கொள்வார். அதில் அவர் குற்றம் ஒன்றுமில்லை. இரண்டும் ஒரே குரலில் பேசின.

இரவல் மொழியில் முதலில் காணாமற்போவது எலி. 2009ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். ஈஸ்டர் தீவின் மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்ட ராபமைசின் என்னும் மருந்தை, பிறந்து 600 நாள் கழிந்த சுண்டெலிகளுக்கு உணவோடு கலந்து கொடுத்தனர். நூற்றுக்குத் தொண்ணூறு எலிகள் இறந்துபடும் வயதைக் கொண்டு அளந்தபோது பெண் எலிகளின் ஆயுள் 14 விழுக்காடும் ஆண் எலிகளின் ஆயுள் 9 விழுக்காடும் நீண்டிருந்தது. முதுமை தொடங்கிய பின்பும் ஆயுளை நீட்ட இயலும் என்று பாலூட்டி ஒன்றில் காட்டியமையால் அது பெரிய செய்தியே. அதே மருந்து, மாற்று உறுப்பு பெற்றவர்க்கு நோயெதிர்ப்பை அடக்கக் கொடுக்கப்படுவது என்பதும் செய்தியே. துண்டறிக்கையில் ‘ஆயுளை நீட்டும் மருந்து’ என்னும் மூன்று சொல் மட்டும் எஞ்சி, எலியும் 600 நாளும் நோயெதிர்ப்பும் உதிர்ந்துவிட்டால், எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படித்தவர் பொய்யைப் பெற்றுக்கொண்டார்.

இன்னும் அருகிலுள்ள சான்று மெட்பார்மின். 1957ஆம் ஆண்டு முதல் நீரிழிவுக்கு மருந்தாக அறியப்பட்ட இம்மாத்திரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் வீடுகள் பலவற்றின் சமையலறை அலமாரியில் இருப்பது. நீரிழிவு இல்லாதார்க்கும் இது மூப்பின் நோய்களைத் தள்ளிப்போடுமா என்று ஆராய, அமெரிக்காவில் 65 முதல் 79 வயது வரையுள்ள 3,000 பேரைக் கொண்ட சோதனை ஒன்று திட்டமிடப்பட்டது. அதற்குரிய பணத்தைத் திரட்டுவதிலேயே பல ஆண்டுகள் கழிந்தன. இச்செய்தியை இருவகையாக எழுதலாம். ‘உங்கள் வீட்டு மாத்திரையில் நீண்ட ஆயுள்’ என எழுதினால் மாமியாரின் மாத்திரையை மருமகனும் விழுங்கத் தொடங்குவார். ‘உங்கள் வீட்டில் உள்ள மாத்திரையைப் பற்றி அறிஞர்க்கு இன்னும் விடை தெரியாத கேள்வி ஒன்று உண்டு’ என எழுதினால் படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இரண்டாவதே கவர்ச்சியும் மிக்கது. தெரியாது என்னும் சொல் தாளை மந்தமாக்கும் என அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கேள்வியை முன்வைக்கும் இம்முறைக்குத் தமிழில் மிகப் பழைய முன்மாதிரி உண்டு. புறநானூற்றின் 191ஆம் பாட்டில் பிசிராந்தையார் பேசுவது ஒரு வினாவுக்கு விடையாகவே. ஆண்டு பல கழிந்தும் உமக்கு நரை தோன்றாதது எப்படி என்று கேட்டவர்க்கு அவர் மருந்தின் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், குறிப்பறிந்து நடக்கும் ஏவலர், தீமை செய்யாது காக்கும் வேந்தன், இவற்றுக்கெல்லாம் மேலாகத் தம் ஊரில் நிறைந்திருக்கும் அடக்கமுடைய சான்றோர் என அவர் அடுக்குவன அனைத்தும் உடலுக்கு வெளியே உள்ளவை. 1938ஆம் ஆண்டில் ஹார்வர்டில் தொடங்கி இன்றளவும் நடைபெறும் வாழ்நாள் ஆய்வும், முதுமையில் நலம் காப்பவற்றுள் நல்லுறவுக்கு உயர்ந்த இடம் தருகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: பிசிராந்தையாரைத் தாளின் தலைப்பில் இட்டு, ‘அறிவியல் இன்று கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர்’ என்று முழங்குவது லேகியக்காரரின் உத்தியே. புலவர் தம் ஒருவருடைய நரையைப் பற்றிப் பேசினார், ஆய்வு நடத்தவில்லை. அவரிடமிருந்து கொள்ளத்தக்கது சான்றன்று, கேட்டவர்க்கு நேரே விடை கூறும் அடக்கமான முறை.

அதியமானின் நெல்லிக்கனியும் இவ்வாறே அடிக்கடி இழுக்கப்படும். நெல்லி கலந்த தைலம் விற்போர் ஔவையாரை விட்டுவைப்பதில்லை. அப்பாட்டை ஊன்றிப் படிப்போர் காண்பது வேறு. அரிய மலைப்பிளவில் ஏறிப் பெற்ற கனி. அதன் பயனை அதியமான் வாய்விட்டுச் சொல்லவில்லை. நெஞ்சில் அடக்கிக்கொண்டு ஔவையாருக்குக் கொடுத்தான். விளம்பரத்திற்கு நேர் எதிரான செயல் அது. பெற்றவன் ஒருவன், உண்டவர் வேறொருவர். ஆய்வுக்கு வரும் முதியவரின் நிலையும் இதனை ஒத்ததே. இரண்டு மணி நேரம் அமர்ந்து, குருதி கொடுத்து, கேள்விக்கு விடை கூறித் திரும்புகிறார். அதனால் அவருடைய முழங்கால் வலி குறையப் போவதில்லை. பயன் உண்டெனில் அது பேரப்பிள்ளைகளுக்கு. கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் தம் நாட்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வளர்த்த தலைமுறை இது. ‘வாருங்கள், உங்களுக்கு இளமை தருகிறோம்’ என்று அவர்களை அழைப்பது அவர்களைக் குறைத்து மதிப்பிடுவதாகும். ‘வாருங்கள், நீங்கள் கொடுக்க வேண்டியது ஒன்று உண்டு’ என்னும் அழைப்பு அவர்களுக்குப் புரியும்.

எழுத்தின் உருவத்தைப் பற்றியும் சில சொல்லல் தகும். நான்கு மொழிகள் ஒரே தாளில் இடம் பங்கிட்டுக்கொள்ளும்போது தமிழுக்குக் கிடைப்பது அடிப்பகுதி. தமிழ் எழுத்து அகலமானது, தொடர் நீண்டது, எனவே இடத்தில் அடைக்க எழுத்தைச் சிறிதாக்குகின்றனர். முதியோர்க்கென எழுதிய தாளில் முதியோரால் படிக்க இயலாத ஒரே பகுதி தமிழாகிவிடுகிறது. வயதேற விழியின் வில்லை மஞ்சள் நிறம் கொள்வதால் நீலமும் ஊதாவும் மங்கித் தெரியும். அச்சகத்தார் மருத்துவச் செய்தி என்றவுடன் நாடுவதோ நீலத்தின் மேல் வெண்ணிறம். பளபளக்கும் தாள் விளக்கொளியில் கூசும். தமிழ் அறியாத கணினியில் ஒட்டும்போது கொம்பு எழுத்தின் முன்னின்று பின்னுக்குத் தாவுகிறது, புள்ளி மறைகிறது. ‘கொடுத்தல்’ எவராலும் படிக்க முடியாத ஒன்றாகிறது. பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் அமைந்த பிரிக்பீல்ட்ஸிலேயே இத்தகைய தாள்கள் வழங்கப்படுவது வேடிக்கை.

இதனினும் முதன்மையானது ஒன்று. இத்தாள் பல வீடுகளில் கண்ணால் படிக்கப்படுவதில்லை, காதால் கேட்கப்படுகிறது. தோட்டப் பள்ளியில் சில ஆண்டே கற்ற பாட்டி, பேத்தியிடம் நீட்டி ‘என்ன போட்டிருக்கு, படி’ என்பார். பேத்தி தமிழ்ப்பள்ளியில் படித்தவளாக இருந்தால் நல்வாய்ப்பு. அவளும் ‘உயிரணு மூப்படைதலின் மூலக்கூற்றுப் பொறிமுறைகள்’ என்னும் இடத்தில் தடுக்கி நிற்பாள். தாளை எழுதியவர் அச்சுக்கு அனுப்புமுன் பத்து வயதுச் சிறுமி ஒருத்தியை உரக்கப் படிக்கச் செய்து, எழுபது வயது மூதாட்டி ஒருவரிடம் என்ன விளங்கிற்று எனக் கேட்பாராயின், எந்தக் குழுவின் சரிபார்ப்பும் அதற்கு ஈடாகாது.

அத்தேர்வில் நிற்கத்தக்க தாள் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்: ‘அறுபது வயதில் ஒருவர் மாடிப்படி ஏறுகிறார். இன்னொருவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. ஏன்? இதைத்தான் ஆராய்கிறோம். நீங்கள் வந்தால் உங்கள் கைப்பிடி வலுவை அளப்போம். சிறிது தூரம் நடக்கச் சொல்வோம். கொஞ்சம் இரத்தம் எடுப்போம். இது மருந்து இல்லை. நீங்கள் எதையும் வாங்க வேண்டாம். உங்களுக்கு உடனே குணம் கிடைக்கும் என்று சொல்ல மாட்டோம். நடுவில் வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். நீங்கள் வழக்கமாகப் பெறும் சிகிச்சை நிற்காது.’ இலக்கியச் சுவை இதில் குறைவே. ‘சிகிச்சை’ என்பதனைத் தூய தமிழாக்க விரும்புவோர் ஆக்கலாம். ஆனால் மருத்துவமனை வாயிலில் பாட்டி பேசும் சொல் அது. இவ்வரிகளுள் நீக்கவே கூடாதது ‘இது மருந்து இல்லை’ என்பது. ஆய்வைச் சிகிச்சை எனக் கருதி வந்தவர் பின்னர் ஏமாற்றப்பட்டதாக எண்ணி, அடுத்த முறை தம் சுற்றத்தார் அனைவரையும் தடுத்துவிடுவார்.

தாளின் அடியில் தொடர்பு எண் இருக்கும். அவ்வெண்ணை அழைத்தால் எடுப்பவர் எம்மொழியில் பேசுகிறார் என்பதனைத் தாள் வழங்குவோர் ஒருமுறை தாமே அழைத்துப் பார்த்தல் நலம். ஒன்றை அழுத்துக, இரண்டை அழுத்துக என மலாயிலும் ஆங்கிலத்திலும் இயந்திரம் பேசத் தொடங்கினால், மேலே எவ்வளவு நல்ல தமிழ் எழுதியிருந்தாலும் பாட்டி தொலைபேசியை வைத்துவிடுவார்.